நேற்று எப்படி இருந்தார்?

முதியோர் இல்லங்களில் அடிக்கடி நிகழும் ஒரு சம்பவத்தை ஒரே மனிதர்மேல் ஏற்றிச் சொல்கிறேன். பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். எண்பது வயதைக் கடந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மனைவி காலமாகிவிட்டபடியாலும், ஒரே மகன் வெளியூரில் உத்தியோகம் பார்ப்பதாலும், நகரத்தின் எல்லையிலுள்ள ஓர் இல்லத்தில் மூன்று வருஷங்களாக வசித்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் எழுந்து, ஸ்நானம் செய்து, திருநீறு இட்டு, காபியை அருந்திவிட்டு, அன்றைய பத்திரிகையை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் ஓரெழுத்தும் விடாமல் வாசித்து, அச்சுப் பிழைகளையெல்லாம் பென்சிலால் திருத்தி வைப்பது அவருடைய நித்திய அனுஷ்டானம். அப்படிப்பட்டவர் ஒரு நாள் நடுநிசியில் எழுந்து உட்கார்ந்து, போர்வையின் நூலைப் பிய்த்துப் பிய்த்து இழுத்துக்கொண்டு, "மணி அடிச்சாச்சு, பசங்க ஏன் இன்னும் வெளியில நிக்கிறாங்க?" என்று அதட்டுகிறார். ஓடி வந்த ஆயா, "ஐயா, படுத்துக்குங்க, இது பள்ளிக்கூடம் இல்லீங்க" என்று சமாதானம் சொன்னால், அவளைக் காலஞ்சென்ற தம் தமக்கையாகவே பாவித்து, "அக்கா, கதவைத் திற" என்று கெஞ்சுகிறார், வெறுஞ்சுவரில் எறும்பு சாரை சாரையாக ஏறுகிறதென்று உள்ளங்கையால் துடைக்கிறார், ஐந்து நிமிஷம் அயர்கிறார், மறுபடியும் எழுகிறார்.

பொழுது விடிவதற்குள் மூன்று தீர்ப்புகள் வழங்கப்பட்டுவிடுகின்றன. மகன் டெலிபோனில், "வயசாயிடுச்சு இல்லீங்களா, இனிமே அப்படித்தான் இருக்கும்" என்கிறார். அடுத்த அறை அம்மாள், "செத்துப்போன அக்காவைக் கூப்பிடறார்னா, அங்கேருந்து ஆள் வந்தாச்சுன்னு அர்த்தம்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இல்லத்தின் நிர்வாகியோ, மற்றவர்களுடைய தூக்கமும் கெட்டுப்போயிற்றே என்ற கவலையில், நாளை இரவு ஒரு தூக்க மாத்திரை கொடுத்துவிட்டால் என்ன என்று யோசிக்கிறார். காலையில் வந்த மருத்துவர் இவர்களில் ஒருவரோடும் தர்க்கம் செய்யவில்லை. ஆயாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "நேற்று எப்படி இருந்தார்?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாருங்க, டாக்டர். பேப்பர்ல இருந்த தப்பையெல்லாம் கோடு போட்டு எங்கிட்ட காட்டினாரு."

அந்தப் பதிலிலேயே பாதி வைத்தியம் முடிந்துவிட்டது. நேற்று மாலை வரையில் அச்சுப் பிழை திருத்திய ஒருவருக்கு இன்று அதிகாலையில் முதுமை வந்துவிடாது. வந்திருப்பது வேறு ஏதோ. மருத்துவர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார். நீர்ப்பை குடம்போல் உப்பியிருக்கிறது. இரண்டு நாளாக மூக்கு ஒழுகுகிறதென்று மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய சளி மாத்திரையின் அட்டை தலையணைக்கு அடியில் கிடக்கிறது. அதிலிருந்த குளோர்பெனிரமின் என்னும் மருந்து, வாலிபனுக்குக் கொஞ்சம் தூக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கும். புராஸ்டேட் சுரப்பி பெருத்திருந்த இந்த முதியவருக்கோ, சிறுநீரையும் அடைத்து, சித்தத்தையும் கலக்கிவிட்டது. குழாயிட்டு நீரை வெளியேற்றி, மாத்திரையை நிறுத்தி, ஆகாரமும் தண்ணீரும் முறைப்படி கொடுத்துவர, நாலாம் நாள் காலையில் தலைமையாசிரியர் தம் பென்சிலைத் தேடுகிறார்.

இந்த நிலைக்கு மேல்நாட்டு வைத்திய சாஸ்திரத்தில் டெலிரியம் என்று பெயர். லத்தீன் மொழியில் அந்தச் சொல்லின் பிறப்பு ரஸமானது: உழுகின்ற ஏர், தன் சால் தப்பி விலகிப் போவதற்கு அவர்கள் வழங்கிய வார்த்தையிலிருந்து அது வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்ஸஸ் என்பவர் தம் வைத்திய நூலில் இதைப் பிரயோகித்திருக்கிறார். அவருக்கும் பல நூற்றாண்டுகள் முந்திய கிரேக்கரான ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களில், கடும் வியாதியில் கிடக்கும் நோயாளி போர்வையின் இழைகளைப் பிடுங்குவது அபாய லட்சணமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. நம் தலைமையாசிரியர் செய்ததும் அதுதான். நம்முடைய பாட்டிமார்களுக்கும் இது தெரியாத விஷயமன்று. காய்ச்சல் உச்சத்தில் பிதற்றுபவனை 'ஜன்னி கண்டுவிட்டது' என்றார்கள். சந்நிபாதம் என்னும் வடசொல்லின் சிதைவே சன்னியும் ஜன்னியும். வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றும் ஒருங்கே கெட்டுப்போன நிலை என்பது அதன் பொருள். அந்தக் கொள்கையை இன்று ஒருவர் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஆனால் பிதற்றலுக்குக் காரணத்தைச் சரீரத்திலே தேட வேண்டும் என்ற அளவில், டெலிபோனில் 'வயசாயிடுச்சு' என்று சொன்ன மகனைவிட அந்தப் பாட்டிமார்கள் சாஸ்திரத்துக்கு நெருக்கமாகவே இருந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். ஜன்னி என்ற சொல் இழுப்புக்கும் வழங்குவதால் குழப்பம் நேரும். ஆகவே இந்தக் கட்டுரையில் சித்தக்கலக்கம் என்றே எழுதிச் செல்கிறேன்.

லிப்போவ்ஸ்கி என்னும் மனநோய் மருத்துவர் 1980-இல் இதைப் பற்றி எழுதிய பெருநூலுக்கு, மூளையின் திடீர்ச் செயலிழப்பு என்னும் பொருள்பட உபதலைப்பு வைத்தார். இருதயம் திடீரென்று தன் வேலையைச் செய்ய முடியாமல் தத்தளித்தால் உறவினர் அனைவரும் ஓடுகிறார்கள். சிறுநீரகம் நின்றால் ஓடுகிறார்கள். மூளை தத்தளித்தால் மட்டும், அது பேச்சின் வழியாகவும் நடத்தையின் வழியாகவும் வெளிப்படுகின்ற ஒரே காரணத்தால், அதைக் குணதோஷமாகவோ, வயோதிகமாகவோ, விதியாகவோ எண்ணிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள்.

மறதி நோயும் சித்தக்கலக்கமும் ஒன்றல்ல என்பதை இங்கே கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேதான் பிறக்கின்றன. டிமென்ஷியா என்னும் மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில், கரையான் மரத்தை அரிப்பதுபோல அரித்துக்கொண்டு வருவது. அது எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று மனைவியாலும் சொல்ல முடியாது. சித்தக்கலக்கமோ சில மணி நேரத்தில், அதிகம் போனால் இரண்டொரு நாளில் வந்து இறங்குவது. எந்த நாள் மாலை முதல் என்று ஆயா சுட்டிச் சொல்லிவிடுவாள். மறதி நோயாளி, நோய் முற்றும் வரையில், எதிரில் இருப்பவரை விழிப்போடு பார்க்கிறார், கேட்ட கேள்வியைப் பற்றிக்கொண்டு ஏதோ பதில் சொல்ல முயல்கிறார். சித்தக்கலக்கம் கொண்டவருக்குக் கவனம் என்பதே நில்லாது. கிழமைகளைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லும்படி கேட்டால், சனி, வெள்ளி என்று தொடங்கி, மூன்றாவது கிழமைக்குள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வேறெதையோ பேச ஆரம்பிப்பார். அன்றியும் இது ஏறி இறங்குவது: காலையில் தெளிவு, மத்தியானம் மயக்கம், பொழுது சாய்ந்ததும் கொந்தளிப்பு. மருத்துவர் வந்து பார்க்கும் பத்து நிமிஷமும் அந்தத் தெளிவான பத்து நிமிஷமாகவே அமைந்துவிட்டால், 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். இதனால்தான் இருபத்துநாலு மணி நேரமும் உடனிருந்தவளுடைய சாட்சியம் பரிசோதனைக் கருவிகளுக்கு மேலானதாகிறது. இரண்டும் ஒரே ஆளிடத்தில் சேர்ந்திருப்பதும் உண்டு. மறதி நோய் உள்ளவர்களுக்கே சித்தக்கலக்கம் எளிதில் வரும், அவர்களிடத்திலேதான் அது எளிதில் கண்ணுக்குத் தப்பியும் போகும்.

தலைமையாசிரியரைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அவர் கூச்சலிட்டார். கூச்சலிடாதவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சித்தக்கலக்கத்தில் இன்னொரு வகை உண்டு. அதில் நோயாளி எதையும் பிடுங்குவதில்லை, யாரையும் அதட்டுவதில்லை. கண்ணைப் பாதி மூடியபடி படுத்துக் கிடக்கிறார், கூப்பிட்டால் நேரங்கழித்து 'ம்' என்கிறார், வாயில் வைத்த இட்லி வாயிலேயே இருக்கிறது. வார்டில் இவரைப்போல் சாது ஒருவரும் இல்லை என்று பெயரெடுக்கிறார். முதியவர்களிடத்தில் அதிகமாகக் காணப்படுவது இந்த மௌன வகைதான். விளைவில் கொடியதும் இதுவேயாகும். படுத்த படுக்கையாகக் கிடப்பதால் முதுகில் புண்ணும், விழுங்கும் உணவு மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழற்சியும், நீர்ச்சத்துக் குறைவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. கிரேக்கர்கள் கொந்தளிக்கும் வகைக்கு ஒரு பெயரும், உறங்கும் வகைக்கு மற்றொரு பெயரும் வைத்து இரண்டையும் தனித்தனியே கவனித்தார்கள். நாமோ இரண்டாவதை 'இன்னைக்கு நல்லா தூங்கினாரு' என்று குறிப்பேட்டில் எழுதி வைக்கிறோம்.

ஒரு சளி மாத்திரை ஒருவருடைய புத்தியைக் கவிழ்க்குமா என்று வாசகர்கள் கேட்கலாம். கையில் சேமிப்புள்ள குடும்பம் ஒரு கல்யாணச் செலவையும் தாங்கிவிடுகிறது. மாதச் சம்பளத்தையே நம்பியிருக்கும் குடும்பம் ஒரு தீபாவளிக்கே தடுமாறுகிறது. முதுமையில் மூளையின் சேமிப்பு குறைவு. கண் மங்கி, காது மந்தித்து, ஏற்கெனவே மறதியும் இருந்து, உடலில் இரண்டு மூன்று நாட்பட்ட வியாதிகளும் குடியிருந்தால், அங்கே பெரிய புயல் தேவையில்லை. இளைஞனைத் தும்மக்கூட வைக்காத ஒரு சிறு காரணம் போதும். மூளையில் கவனத்துக்கும் நினைவுக்கும் துணைநிற்கும் அசெட்டைல்கோலின் என்னும் ரசாயனப் பொருள் வயதோடு குறைந்துகொண்டு வருகிறது. அந்தப் பொருளின் வேலையைத் தடுக்கின்ற மருந்துகள் பல நம் கடைகளில் சர்வ சாதாரணமாகக் கிடைக்கின்றன. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகள், வயிற்று வலிக்குக் கொடுக்கும் டைசைக்ளோமின், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் ஆகியவை இந்த ஜாதியைச் சேர்ந்தவை. அல்ப்ரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் வேறு வழியில் அதே தீங்கைச் செய்கின்றன. பல வருஷம் சாப்பிட்டு வந்த ஒருவருக்கு இல்லத்தில் சேர்ந்த அன்று அவற்றைச் சட்டென்று நிறுத்திவிட்டாலும் மூன்றாம் நாள் கலக்கம் வரும். மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், முதியவர்களுக்குக் கூடாத மருந்துகளின் பட்டியல் ஒன்றை 1991-இல் வெளியிட்டார்; உலகம் முழுவதும் இன்று எல்லா முதியவர்களுக்கும் பயன்படும் அந்தப் பட்டியல், முதன்முதலில் நெடுநாள் பராமரிப்பு இல்லங்களில் வசிப்பவர்களை உத்தேசித்தே எழுதப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. பத்து டாக்டர்கள் பத்துச் சமயங்களில் எழுதிய மாத்திரைகளெல்லாம் ஒரே டப்பாவில் சேரும் இடம் இல்லமே அல்லவா?

மருந்துக்கு அடுத்தபடி, தண்ணீரும் உப்பும். வயது ஏற ஏறத் தாகம் என்னும் உணர்ச்சியே மங்கிவிடுகிறது. உடல் வறண்டிருக்கும், நாக்கு கேட்காது. போதாக்குறைக்கு, இரவில் அடிக்கடி கழிப்பறைக்கு எழுந்திருக்க வேண்டுமே, ஆயாவைத் தொந்தரவு செய்ய வேண்டுமே என்ற கூச்சத்தினால், மாலைக்குமேல் ஒரு வாய் நீரும் வேண்டாமென்று விடுகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், பலர். அக்கினி நட்சத்திர வெயிலில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது சோடியம் குறைவு. ரத்த அழுத்தத்துக்காக நீர் மாத்திரை சாப்பிட்டு, உப்பையும் அறவே தள்ளி, கஞ்சியும் தண்ணீருமாகக் காலம் கழிப்பவருக்கு, லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரையில் இருக்க வேண்டிய ரத்த சோடியம் இறங்கிவிடுகிறது. முதலில் சோர்வு, பிறகு தள்ளாட்டம், பிறகு பிதற்றல். 'சோடியம் இறங்கிப் போச்சாம்' என்ற வாக்கியத்தைக் கேளாத குடும்பம் இன்று தமிழ்நாட்டில் அபூர்வம் என்றே தோன்றுகிறது. ஆனால் அதற்காக வீட்டிலேயே உப்பை அள்ளிப் போடுவதும் அபாயந்தான். ரத்தப் பரிசோதனையும் மருத்துவருடைய மேற்பார்வையும் இல்லாமல் அதைத் திருத்தக் கூடாது.

தொற்று நோயைப் பொறுத்தமட்டில், முதியவர் உடம்பு ஒரு விசேஷத் தந்திரம் செய்கிறது: பல சமயங்களில் காய்ச்சல் அடிப்பதில்லை. நிமோனியா இருக்கும், இருமல் இராது; ரத்தத்தில் கிருமி இருக்கும், தெர்மாமீட்டர் சாதாரணமாகவே காட்டும்; வெளியில் தெரிகின்ற ஒரே அடையாளம் பேச்சு மாறுவதுதான். கோவிட் காலத்தில் இது பளிச்சென்று தெரிந்தது. 2020-இல் அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த, 65 வயதுக்கு மேற்பட்ட 817 கோவிட் நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்களில் 28 சதவிகிதம் பேருக்கு வந்து சேரும்போதே சித்தக்கலக்கம் இருந்தது. அப்படிக் கலங்கியவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேலானவர்களிடம் காய்ச்சல், மூச்சுத்திணறல் போன்ற வழக்கமான அறிகுறிகளே காணப்படவில்லை. அதே சமயத்தில், பிதற்றினால் உடனே 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று முடிவு கட்டும் பழக்கமும் நல்லதன்று. இல்லங்களில் வசிக்கும் முதியவர்களில் பலருக்கு, ஒரு நோயும் செய்யாமல், சிறுநீரில் கிருமிகள் சும்மா குடியிருக்கும். எரிச்சலோ காய்ச்சலோ இல்லாத ஒருவருக்குச் சிறுநீர்ச் சோதனையில் கிருமி தெரிந்தது என்பதற்காக ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட்டு, உண்மையான காரணத்தைத் தேடாமல் விட்டுவிடக் கூடாது என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2019-இல் வற்புறுத்தியிருக்கிறது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். நாலு நாள் மலம் கழியாமல் இருப்பது, சொல்லத் தெரியாத வலி, விழுந்து இடுப்பெலும்பு முறிவது, அதற்கான அறுவை சிகிச்சை, ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதும், மாரடைப்பு, தூக்கமின்மை, இடமாற்றம் எல்லாம் காரணங்களே. பெரும்பாலும் ஒன்றல்ல, இரண்டு மூன்று கூடித்தான் வரும். மூக்குக் கண்ணாடி மேஜை டிராயரில் பூட்டிக் கிடப்பதும், காது மிஷினின் பாட்டரி தீர்ந்துபோய் மூன்று வாரமாவதும்கூட இந்தப் பட்டியலில் சேர்ந்தவை என்றால் சிலர் சிரிப்பார்கள். கண்ணும் காதும் அடைபட்ட ஒருவருக்கு, இருட்டில் தொங்கும் வேட்டி ஆளாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்?

இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரங்கள் வேண்டியதில்லை. ஷாரன் இனூயே என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர் 1990-இல் வகுத்த முறையொன்று, திடீர்த் தோற்றமும் ஏற்றத்தாழ்வும், கவனக்குறைவு என்ற இரண்டும் இருந்து, கோவையற்ற சிந்தனை, விழிப்புநிலை மாறுபாடு என்ற இரண்டில் ஒன்றும் சேர்ந்தால் சித்தக்கலக்கம் என்று கொள்ளச் சொல்கிறது. 2010 முதல் அமெரிக்காவின் பராமரிப்பு இல்லங்கள் தம்மிடம் இருப்போரைக் குறித்த காலங்களில் இந்த முறைப்படி சோதித்துப் பதிவு செய்கின்றன. எனக்கு அதைவிடப் பிடித்தது கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஃபிலிப் வுவாயே என்பவரும் அவருடைய குழுவினரும் செவிலியர்களுக்காக அமைத்து 2015-இல் வெளியிட்ட ஏற்பாடு. மாத்திரை கொடுக்கப் போகும்போது செவிலி தனக்குள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறாள்: இவர் தூங்கி வழிகிறாரா? சொன்னதைச் செய்யத் தடுமாறுகிறாரா? அசைவுகள் மந்தமாகிவிட்டனவா? சராசரியாக ஏழு விநாடி ஆகிறது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். எப்படியும் மாத்திரை கொடுத்தே ஆக வேண்டும். அந்த ஏழு விநாடியில் மௌனமாகக் கிடக்கும் சாதுவும் அகப்பட்டுக்கொள்கிறார்.

இருந்தாலும் எந்தக் கேள்விக்கும் அடியில் நிற்பது நம் மருத்துவர் கேட்ட கேள்விதான். நேற்றை அறிந்த ஒருவர் இல்லாவிட்டால் இன்றைய மாற்றம் மாற்றமாகத் தெரியாது. நம் நாட்டு இல்லங்களில் பெரிய குறை இங்கேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டடத்துக்குப் பளிங்கும், வாசலுக்குப் பூந்தொட்டியும், காரியாலயத்துக்குக் குளிர்சாதனமும் வாங்க முடிகிற நிர்வாகங்கள், ஒரே ஆயாவை ஆறு மாதம் ஒரே தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ள முடிவதில்லை. ஏஜென்சியிலிருந்து இந்த மாதம் ஒருத்தி, அடுத்த மாதம் மற்றொருத்தி. இரவு ஷிஃப்டுக்கு வந்தவளுக்குப் பகலில் இருந்தவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிட்டுப் போக ஆளில்லை. சம்பளமும் சொற்பம். நோயாளியின் மலமும் மூத்திரமும் உண்ட இட்லியின் எண்ணிக்கையும் உறங்கிய நேரமும் யாருக்குத் தெரியுமோ, அவளை மருத்துவர் வரும்போது அறைக்கு வெளியே நிறுத்திவைக்கும் இல்லங்களும் உண்டு.

வந்த பிறகு விரட்டுவதைவிட வராமல் காப்பது எளிது. சித்தக்கலக்கத்தில் மூன்றில் ஒரு பங்காவது தடுக்கக்கூடியது என்பது மருத்துவர்கள் பொதுவாக ஒப்புக்கொண்ட மதிப்பீடு. ஷாரன் இனூயேயும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகர ஆஸ்பத்திரியில் 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்து, 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 15 சதவிகிதம் பேருக்குச் சித்தக்கலக்கம் வந்தது. விசேஷக் கவனிப்புப் பெற்றவர்களில் 9.9 சதவிகிதம் பேருக்கே வந்தது. அந்த விசேஷக் கவனிப்பு என்னவென்று கேட்டால், புது மருந்து ஒன்றுமில்லை: இன்று என்ன கிழமை, எதிரில் இருப்பவர் யார் என்று எழுதிய பலகை, தினமும் எழுப்பி நடக்க வைப்பது, கண்ணாடியும் காதுக் கருவியும், வேளைதோறும் குடிக்கத் தண்ணீர், இரவில் தூக்க மாத்திரைக்குப் பதிலாக வெதுவெதுப்பான பால், மெல்லிய சங்கீதம், முதுகைத் தடவிக் கொடுத்தல். நம் வீடுகளில் பேத்திகள் கூலியில்லாமல் செய்துகொண்டிருந்த சிசுருஷையை ஒரு பல்கலைக்கழகம் அளந்து பார்த்து அச்சிட்டுக் கொடுத்தது என்று சொன்னால் தவறாகாது. இந்த ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில் நடந்தது உண்மை. ஆனால் இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவ நெறிமுறைக் குழு 2010-இல் சித்தக்கலக்கம் பற்றி வெளியிட்ட வழிகாட்டி, ஆஸ்பத்திரி நோயாளிகளோடு நெடுநாள் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரையும் சேர்த்தே எழுதப்பட்டது.

செய்யக்கூடாதது, கட்டிப்போடுவது. விழுந்துவிடுவார், குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று நல்லெண்ணத்தோடுதான் கையைத் துணியால் கட்டிலோடு கட்டுகிறார்கள். 1996-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், கட்டப்பட்ட முதிய நோயாளிகளுக்குச் சித்தக்கலக்கம் வரும் அபாயம் நான்கு மடங்குக்கும் அதிகமாகக் காணப்பட்டது. பராமரிப்பு இல்லங்களில் தண்டனைக்காகவோ ஊழியர்களின் சௌகரியத்துக்காகவோ ஒருவரைக் கட்டிவைப்பதையும், மருந்தால் மயக்கி வைப்பதையும் அமெரிக்கா 1987-இல் சட்டத்தால் விலக்கியது. மருந்துக் கட்டு கண்ணுக்குத் தெரியாதது. ஆகையால் துணிக் கட்டைவிட அபாயகரமானது. ஹாலோபெரிடால் முதலான மனநோய் மருந்துகள், மறதி நோயுள்ள முதியவர்களிடத்தில் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005-லும் 2008-லும் கடும் எச்சரிக்கை விடுத்திருக்கிறது. தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளும் நிலையில், வேறு உபாயமெல்லாம் பலிக்காதபோது, மருத்துவர் சொற்ப அளவில், சொற்ப காலத்துக்குக் கொடுக்கலாம், நிர்வாகி கொடுக்கலாகாது.

கலங்கியவரோடு பேசுவதும் ஒரு கலை. 'அக்கா செத்து இருபது வருஷம் ஆச்சு, தெரியாதா?' என்று வாதாடினால் அன்றைக்கே இறந்ததுபோல் அழுவார். 'ஆமாம், அக்கா வாசல்ல நிக்கிறாங்க' என்று கூடச்சேர்ந்து நடித்தாலும் பயம் கூடும். முகத்துக்கு நேராக உட்கார்ந்து, பெயரைச் சொல்லி, கையைப் பிடித்து, 'நான் உங்களோட இருக்கேன், இது உங்க ரூம்தான்' என்று ஒரு சமயத்தில் ஒரே ஒரு விஷயமாக மெதுவாகச் சொல்ல வேண்டும். விளக்கு மங்கலாக எரியட்டும்; கடிகாரம் கண்ணில் படட்டும்; தெரிந்த முகம் ஒன்று அருகே இருக்கட்டும். அவருக்கு நினைவிருக்காது என்று எண்ணி எதையும் சொல்லிவிடக் கூடாது. தெளிந்த பிறகு பலருக்கு அந்த இரவு துண்டு துண்டாக ஞாபகம் இருக்கிறது, வெட்கத்தினால் வாய் திறப்பதில்லை. நம் தலைமையாசிரியர் நாலாம் நாள் பென்சிலை வாங்கிக்கொண்டபோது ஆயாவிடம், "ராத்திரி உன்னை ஏதாவது திட்டினேனாம்மா?" என்று கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். எல்லாருக்கும் நாலு நாளில் தெளிந்துவிடும் என்று நம்பிக்கை கொடுப்பதற்கில்லை. காரணம் நீங்கிய பிறகும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மிச்சக் கலக்கம் நீடிப்பது உண்டு. சிலர் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. சித்தக்கலக்கம் வந்துபோனவர்களுக்குப் பின்னால் மறதி நோய் வரும் அபாயமும் கூடுகிறது. தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு.

முதியோர் மருத்துவம் என்ற தனித்துறை இந்தியாவில் வேரூன்றிய இடம் சென்னையே. டாக்டர் வி. எஸ். நடராஜன் அவர்கள் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இல் முதியவர்களுக்கென்று புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார்; சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-இல் அந்தத் துறையில் முதுநிலைப் படிப்பும் ஆரம்பமாயிற்று. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டிருக்கிறது. உதவி கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. நடுநிசியில் ஆபத்தென்றால் 108 இருக்கிறது. ஆனால் இவையெல்லாம், மாற்றம் நேர்ந்திருக்கிறதென்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு வேலை செய்பவை.

ஆகையால் வாசகர்களிடத்தில் ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை இல்லத்துக்கு உங்கள் தாயாரையோ தகப்பனாரையோ பார்க்கப் போகும்போது, ஆப்பிள் பழங்களோடு ஒரு முழுத்தாள் காகிதமும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு எழுவார், எழுந்ததும் என்ன செய்வார், எந்தக் காதில் கேட்கும், கண்ணாடியை எங்கே வைப்பார், மலம் கழிப்பது எத்தனை நாளுக்கொரு முறை, என்னென்ன மாத்திரைகள், எந்தப் பெயரிட்டுக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்பவற்றையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிட்டு, இரவு ஆயாவின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். என்றைக்காவது நடுநிசியில் டெலிபோன் வந்தால், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நேற்று எப்படி இருந்தார் என்று கேளுங்கள். 'நல்லாத்தான் இருந்தாரு' என்று அவள் சொன்னால், விடியும் வரையில் காத்திராமல் மருத்துவரை வரவழையுங்கள்.